சுடுகிறதா, ஐயா?

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 பிப்ரவரி 1933

கர்த்தருக்குள் பிரியமான தங்கை சூசனுக்கு,

அக்காள் தங்கமணி ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தானும் பிள்ளைகளும் தேவகிருபையால் சுகம். சின்னவனுக்குச் சளி இறங்கிவிட்டது. கிள்ளானில் உங்கள் மேரு சாலைப் பக்கம் கொசு அதிகம் என்று எழுதியிருந்தாயே, வேப்பிலைப் புகை போடுகிறாயா? மாப்பிள்ளை லியனார்டுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை கடுமையா?

எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார். பெயர் ஞானாபரணம். வயது நாற்பதுக்குள். மனைவி ஜோசஃபின், கைக்குழந்தை ஒன்று. வந்த மறுவாரமே ஒரு புது ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் வந்து உட்காருவாராம். நம் ஆத்துமா எப்படி இருக்கிறதென்று அவர் கேட்பார், நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. பிறகு நாமும் அவரைக் கேட்க வேண்டுமாம்!

நம் வீட்டுக்கு நேற்று வந்தார். அத்தான் எதிரே நாற்காலியில். நான் கதவோரம்.

"ஐயா, நான் பொம்பளை. ஒங்களைப் போய் நான் என்ன கேக்குறது?" என்றேன்.

"என் மேல கண்டதைக் கேளுங்கம்மா. போதகன்கிறதுக்காக ஒருத்தரும் என்னைக் கேக்க மாட்டேங்கறாங்க. கேக்க ஆளில்லாதவன் கெட்டுப் போயிருவான்."

உன் அத்தான் சிரித்துக்கொண்டு, "இவ கேக்க ஆரம்பிச்சா நீங்க ஊரை விட்டே ஓடிருவீங்க ஐயா" என்றார். நானும் துணிந்து, இந்த வாரம் தனியே ஜெபம் பண்ணினீர்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாதி நாள் பண்ணலைம்மா" என்றார். சூசன், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வயதில் ஒரு போதகர் வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. உண்மை சொல்கிறவர் என்று தெரிந்தது. நாங்கள் இருவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அவரும் கொடுத்தார்.

எண்ணெய் தேய்த்துக் குளி. மறக்காமல் பதில் போடு.

உன் அக்காள்
தங்கமணி


கிள்ளான்
27 பிப்ரவரி 1933

மதிப்புள்ள அக்காவுக்கு,

சூசன் எழுதுகிறேன். இருவரும் நலம். உங்கள் நலம் அறிந்து ஸ்தோத்திரம் செலுத்தினோம். ஒரு நல்ல செய்தி. மசக்கை வந்திருக்கிறது. வாந்தியில் உயிர் போகிறது. பிள்ளைப்பேற்றுக்கு நீ வந்து கூட இருக்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் போதகர் கதையை வாசித்து இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே முன்பு இருந்த ஒரு போதகரிடம் பக்கத்து வீட்டு அம்மாள் மனசைத் திறந்து ஒன்றைச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அது பிரசங்கத்தில் வந்தது. பெயர் சொல்லவில்லை. ஆனால் சபை முழுவதும் திரும்பி அவர்களைத்தான் பார்த்தது. நீ அளந்து பேசு. சம்பளம் போதுமா, வீடு ஒழுகுகிறதா என்று கேட்டு அனுப்பிவிடு. அதுதான் எல்லாருக்கும் நல்லது.

உன் தங்கை
சூசன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
18 ஏப்ரல் 1933

பிரியமுள்ள சூசனுக்கு,

அக்காளின் அன்பு. வாந்தி நின்றதா? மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி உன் கபிரியேல் அத்தான் வசம் ரயிலில் அனுப்புகிறேன்.

ஈஸ்டர் முடிந்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய நேரம். ஆனால் பத்து நாளாக ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

போன மாதமும் இந்த மாதமும் போதகர் ஐயா வந்தார். நீ அஞ்சியது போல் எதுவும் வெளியே போகவில்லை. மாமியார் மேல் எனக்கிருந்த கசப்பைச் சொன்னேன். அது அவரோடு நின்றது. மறுமாதம் வந்து, "அந்தக் கசப்பு எப்படி இருக்கு?" என்று மறக்காமல் கேட்டார். ஒருவர் நம்மை நினைவு வைத்துக் கேட்பது எவ்வளவு பலம் என்று அப்போதுதான் கண்டேன்.

இந்த மாதம் காப்பி கொடுத்தேன். அடுப்பிலிருந்து அப்படியே பித்தளை டம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் அத்தானோடு பேசிக்கொண்டே இடது கையால் எடுத்தார். விரல் முழுவதும் டம்ளரைச் சுற்றியிருந்தது. கீழே வைக்கவேயில்லை. "ஐயாவுக்குக் கை இரும்புல்ல!" என்று அத்தான் சொல்ல, அவரும் சிரித்தார். போகும்போது பார்த்தேன், சுண்டு விரல் பக்கம் கொப்புளம் கிளம்பியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சட்டைக் கை ஏறியிருந்த இடத்தில் முழங்கைக்குக் கீழே தேமல் போல ஒரு வெளுப்பு.

பந்திங் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வீரம்மாவை நினைத்துக்கொள். கொதிக்கிற சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவாளே, நாம் அதிசயமாய்ப் பார்ப்போமே. பிறகு குஷ்டரோகம் என்று தெரிந்ததும் கங்காணி போலீசைக் கூட்டிவந்தான். இரண்டு பேர் கையைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். பாய், துணி, சட்டி, எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். அவள் கத்தினது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ஈஸ்டர் அன்று அவர் தன் கையால் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். ஒரே கிண்ணத்தில் எல்லாரும் குடித்தோம். நானும் குடித்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் கைகால்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் மேல் கண்டதைக் கேள் என்று வாக்கு வாங்கியவரிடம், இதை எந்த வாயால் கேட்பேன்? கேட்காவிட்டால் என்ன ஆகும்?

அக்காள்
தங்கமணி


கிள்ளான்
25 ஏப்ரல் 1933

அக்காவுக்கு,

நலம். நலம் வேண்டுகிறேன்.

இந்த மாதிரிச் செய்தியை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. இவர் எல்லாக் கடிதத்தையும் வாசிப்பவர் என்று உனக்குத் தெரியாதா? மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரெஸர் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டால் பெரிய டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். உன் கடிதம் வந்தபோது நல்லவேளையாக இவர் வெளியே இருந்தார். அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ ஒன்றும் பார்க்கவில்லை. தேமலாக இருக்கும். வேறு கோவிலுக்குக் கொஞ்ச நாள் போ.

சூசன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
5 ஜூன் 1933

பிரியமுள்ள சூசனுக்கு,

பல நாள் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எப்படி இருக்கிறது? கால் வீங்கினால் உப்பைக் குறை.

நீ எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

மே மாதத்துத் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். நேற்றும் அப்படியே. நம் சபையில் திருவிருந்து மேசைக்குப் போகாதவள் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கோவில் வாசலிலேயே நம் சபைப் புஷ்பவல்லி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தங்கமணி, யாரோட சண்டை? அண்ணன் ஏதும் கள்ளுக்கடைப் பக்கம் போறாரா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"ஒண்ணுமில்லாம ஒருத்தி ரெண்டு மாசம் பெஞ்சில ஒக்காருவாளா? மனசுல பாவத்தை வெச்சிக்கிட்டு ஒக்காராத. போய் ஐயாகிட்ட சொல்லிரு."

பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உன் அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன்னு சபைக்கு முன்னால என்னைத் தலைகுனிய வெக்கிற?" என்றார். நான் அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கோபத்தில் ஓடிப்போய் மூப்பர்களைக் கூட்டிவிடுவார். பிறகு லோரிதான்.

போன மாதம் போதகர் ஐயா வந்தபோது, வாக்குப்படி நேராகக் கேட்டார். "மேசைக்கு ஏன் வரலைம்மா?" நான், "ஒடம்பு சரியில்ல ஐயா" என்றேன். பொய். அவருக்கும் பொய் என்று தெரிந்தது. "சரிம்மா, அடுத்த மாசமும் கேப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் ஆத்துமாவுக்காக அவர் கவலைப்பட்டுக்கொண்டு போகிறார், சூசன். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கொப்புளம் புண்ணாகிக் கிடக்கிறது.

போன வாரம் போதகர் வீட்டுக்குப் போனேன், ஜோசஃபினிடமாவது சொல்லலாம் என்று. அவள் முறுக்குத் தட்டை முன்னால் வைத்து, "இவர் இப்ப பிள்ளையை அதிகமாத் தூக்கறதே இல்லக்கா, எம்மேல ஏதோ வருத்தம் போல" என்று கண் கலங்கினாள். நான் முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்காள்
தங்கமணி


கிள்ளான்
12 ஜூன் 1933

அக்காவுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை அழுதுகொண்டே எழுதுகிறேன்.

இந்த முறை தபால்காரன் நேரே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டான். இவர் வாசித்துவிட்டார். சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தார். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "நானும் ஒரு சபையான்தானே சூசன், ஒரு போதகரைப் பிடிச்சுக் குடுக்க எனக்கு மட்டும் ஆசையா?" என்கிறார். ஆனால் தெரிந்த பிறகு மறைக்க மாட்டேன் என்கிறார். மாதக் கடைசியில் மருந்து வாங்கக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். அதுவரை பொறுப்பார். அதற்குள் அந்த மனிதர் தானாக நடந்து டாக்டரிடம் போய்விட்டால் நல்லது, இல்லாவிட்டால் இவர் சொல்லிவிடுவார், ஆட்கள் வந்து கூட்டிப் போவார்கள் என்று எழுதச் சொன்னார்.

அக்கா, நீ கேட்டுவிடு. வேறு வழியில்லை. ஆனால் கிட்டே போகாதே. தூர நின்று கேள்.

சூசன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 ஜூன் 1933

பிரியமுள்ள சூசனுக்கு,

அக்காள் தங்கமணியின் அன்பு. எங்கள் சரீர சுகத்துக்குக் குறைவில்லை.

கேட்டுவிட்டேன்.

நேற்று மாலை வந்தார். மழை. அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் காப்பியை அதே பித்தளை டம்ளரில் ஊற்றினேன். ஆற்றாமல்தான் கொடுத்தேன், சூசன். வேண்டுமென்றேதான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அவர் எடுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கமணியம்மா, மேசைக்கு ஏன் வரலை? போன தடவை சொன்ன பதில் வேண்டாம்."

"ஐயா, இன்னைக்கு நான் முதல்ல கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்த டம்ளர் சுடுதா, ஐயா?"

"என்ன கேள்வி இது? பைத்தியமா ஒனக்கு?" என்று அத்தான் எழுந்தே விட்டார். போதகர் ஐயா டம்ளரைப் பார்த்தார். மெல்லக் கீழே வைத்தார். வலது கை விரலால் அதைத் தொட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு இடது கையை மடியில் வைத்து மறைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எடுத்து மேசை மேல் எங்கள் எதிரிலேயே விரித்து வைத்தார்.

"தெரியலைம்மா. போன வருஷத்திலேருந்தே தெரியலை."

அத்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஒருத்தராவது கேப்பாங்கன்னு வீடு வீடாப் போனேன். சம்பளம் போதுமான்னு கேட்டாங்க. கூரை ஒழுகுதான்னு கேட்டாங்க. நானா போய் டாக்டர்கிட்ட கையை நீட்ட எனக்கு தைரியம் இல்லம்மா. யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்னு மட்டும் வெச்சிருந்தேன்."

எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம். வரவில்லை. கோபம் வந்தது.

"தெரிஞ்சுமா எங்களுக்கு அப்பம் பிட்டுக் குடுத்தீங்க? எம்பிள்ளைங்க தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணீங்களே?"

"ஆமா. வலது கையால்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது சமாதானம் இல்ல. பாவம்தான். மன்னிப்பு கேக்கக்கூட நான்..."

போதகர் என்ற எண்ணமே போய்விட்டது எனக்கு. பயந்துபோன ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என் கோபம் இறங்கியது. மாப்பிள்ளை சொன்னதையும் மாதக் கடைசியையும் ஒளிக்காமல் சொன்னேன். நீங்களே நடந்து போங்கள் ஐயா, வேறு யாரும் வந்து கூட்டிப்போக விடாதீர்கள் என்றேன்.

"என்கூட யாரு வருவா?" என்று கேட்டார்.

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"நான் வரேன்" என்றேன்.

மாப்பிள்ளையிடம் சொல்.

தங்கமணி


பிரிக்ஃபீல்ட்ஸ்
17 ஜூலை 1933

பிரியமுள்ள சூசனுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் தேதி நெருங்குகிறது, எந்த வாரம் வரட்டும் என்று எழுது. குழந்தைக்குத் துணி தைத்து வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் உன் அத்தான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்து சட்டையை மாட்டினார். "நீ தனியாப் போனா சபை இன்னும் ஒரு கதை கட்டும்" என்றார். மூவரும் இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் துவான், போதகர் ஐயாவின் கண்ணைக் கட்டிவிட்டு ஊசியால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். போதகர் ஐயா, "ஆரம்பிக்கலாம், குத்துங்க" என்கிறார். ஊசி ஏற்கெனவே அவர் கையில் ஏறியிருந்தது.

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுங்கை பூலோவில் இருக்கும் குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு ஆஸ்பத்திரி வண்டியில்தான் போனார். ஆனால் தானாகப் படி ஏறினார். புறப்படும் முன் மூப்பர்களை வரச்சொல்லி, தூர நிற்க வைத்து, தெரிந்தே மறைத்ததைத் தன் வாயால் சொன்னார். அவர்களில் ஒருவர் துப்பினார்.

ஜோசஃபினையும் குழந்தையையும் டாக்டர் பார்த்தார், அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போதகர் வீட்டைக் கழுவ வேண்டும், காலி செய்யுங்கள் என்று சபையார் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இந்த நாட்டில் சொந்தம் கிடையாது. நம் பின்னறையில் இருக்கிறார்கள். பால்காரர் சின்னையா இப்போது வேலிக்கு வெளியே செம்பை வைக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுகிறார்.

உடனே எழுது.

அக்காள்
தங்கமணி


கிள்ளான்
4 ஆகஸ்ட் 1933

மதிப்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். தாமதத்தை மன்னிக்கவும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஒரே அலங்கோலம். பிள்ளைப்பேற்றுக்கு இவருடைய அம்மா வருவதாக எழுதிவிட்டார்கள். அதனால் நீ சிரமப்பட வேண்டாம். இடமும் போதாது. துணிகளைக்கூட இப்போது அனுப்ப வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழித்துப் பார்க்கலாம்.

இவர் ஊறுகாய் நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

உன் தங்கை
சூசன்


சுங்கை பூலோ
14 ஆகஸ்ட் 1933

கனம் பொருந்திய சகோதரி தங்கமணி அம்மாளுக்கும் சகோதரர் கபிரியேலுக்கும்,

உங்கள் கிருபையுள்ள வீட்டுக்குச் சமாதானம். இந்தக் காகிதத்தை மருந்துப் புகையில் காட்டித்தான் அனுப்புவார்கள். வாசனைக்கு அஞ்ச வேண்டாம்.

ஊசி போடுகிறார்கள், அது வலிக்கிறது. வலிப்பதில் எனக்குச் சந்தோஷம். இங்கே தமிழர் பலர் உண்டு. எங்களுக்கு வேதம் வாசியுங்கள் என்கிறார்கள். முதல் வாரம் நான் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை. அவர்களைப் போல நான் ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். நானும் அவர்களில் ஒருவன் என்பதை மறந்து! இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இப்போது உட்காருகிறேன்.

நம் ஏற்பாடு நிற்கவில்லை என்றால், இந்த மாதம் என் முறை. ஜோசஃபின் எப்படியிருக்கிறாள் என்று கேட்கவில்லை, அவள் எழுதுவாள். நீங்கள் அவளை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

உங்கள் போதகனாயிருந்த
ஞானாபரணம்


பிரிக்ஃபீல்ட்ஸ்
20 ஆகஸ்ட் 1933

மரியாதைக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

தங்கமணி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டான். மற்றபடி யாவரும் சுகம். "போதகனாயிருந்த" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். நல்லபடியாக வைத்திருக்கிறேன் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சபையாருக்கும் அதுதான் தெரியும். புஷ்பவல்லி அக்காகூட, தூர நின்றபடிதான், "ஒன் மனசு யாருக்கும் வராது தங்கமணி" என்றாள்.

உண்மை இதுதான், ஐயா. ஜோசஃபினுக்கு நான் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறேன். அவள் சாப்பிட்ட பிறகு அவற்றைத் தனியே வெந்நீரில் போடுகிறேன். குழந்தையைக் கொஞ்சுகிறேன், ஆனால் முத்தம் கொடுத்ததில்லை. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னதை நான் என் காதால் கேட்டவள். இருந்தும் என் பிள்ளைகள் அவள் அறைக்குள் போனால் வேறு வேலை சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறேன். அவளுக்கு எல்லாம் தெரிகிறது. அவளே தன் தட்டைத் தனியாக எடுத்து வைக்கப் பழகிவிட்டாள். நேற்று, "அக்கா, என் தட்டு எங்க?" என்று அவளே கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

என் தங்கை, வீட்டுக்கு வெள்ளையடிப்பதால் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். வெள்ளையடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. உங்கள் கேள்வி வந்த பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. உனக்குப் பயமாயிருக்கிறது, எனக்கும் அப்படித்தான், நாம் இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம் என்று இன்று அவளுக்கும் எழுதுகிறேன்.

ஐயா, என் பயம் போகவில்லை. போய்விடும் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். அடுத்த கடிதத்தில் எப்படியிருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஜோசஃபின் எந்தத் தட்டில் சாப்பிட்டாள் என்று கேளுங்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தால்தான் நான் எங்கள் தட்டிலேயே அவளுக்குப் போடுவேன்.

உங்கள் கைக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கமணி